விளக்கு ஆறும் வரை

சினிமா காட்டும் புரொஜக்டரில் மூன்று நிலைகள் கொண்ட ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஒன்றில் எல்லாம் நின்றிருக்கும். இரண்டில் மோட்டாரும் விசிறியும் ஓடும். மூன்றில் விளக்கும் எரியும். படம் முடிந்ததும் மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்து, அங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். விளக்கு ஆறிய பிறகுதான் ஒன்றுக்குப் போகலாம். இவ்வளவுதான் விஷயம். இதை நான் மூன்று நாடுகளில், மலை மேலும் கப்பல் தளத்திலும் ரப்பர் காட்டிலும் சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பொறுமையாகக் கேட்டார்கள். சில சமயம் ஆமென் என்றும் சொன்னார்கள்.

மெட்ராஸில் பெண்கள் பாலிடெக்னிக்கில் மின்சாரமும் ரேடியோவும் படித்தவள் நான். நைனா கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். எங்கள் சபை ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓடு போட்ட ஒரு கூடம். நான் படிப்பை முடித்த வருஷம் இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன.

முதலாவது, தொழிற்பேட்டை. அரசாங்கம் வளைத்துப் போட்டிருந்த முட்காட்டில் கல் நட்டு, ரோடு போட்டு, முதல் ஷெட்டுகள் எழும்பின. அதில் ஒன்று டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் கம்பெனி. கம்பிச் சுருள் சுற்றி முடிந்ததும் அதைச் சோதித்துப் பார்க்கும் மேசைக்கு டிப்ளமா படித்த ஆள் தேவை என்றார்கள். நான் போனேன். அதிகாரி மரியாதையான மனிதர். பெண் என்று சிரிக்கவில்லை. ஒரு சுருளைக் கையில் கொடுத்து, இதில் என்னென்ன பார்ப்பாய் என்று கேட்டார். வரிசையாகச் சொன்னேன். ஜூன் முதல் வாரம் வேலை தொடங்கும், அதுவரை அந்த இடம் உனக்குத்தான், அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்றார்.

இரண்டாவது, புரொஜக்டர். வெளிநாட்டு மிஷன் ஒன்று எங்கள் சபைக்கு அதைப் பரிசாக அனுப்பியது. கூடவே இயேசுவின் வாழ்க்கையைத் தமிழில் பேசும் படம் ஒன்று. அமெரிக்காவில் செய்த இயந்திரம். அந்த ஊர் மின்சாரத்துக்கு ஏற்றது. நம் மின்சாரத்தை நேராகக் கொடுத்தால் கருகிவிடும். நடுவில் வோல்டேஜைக் குறைக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சபையில் இதைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் நான்.

அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் எங்கள் பாஸ்டர் எழுந்து நின்று, நம் ஜனங்கள் தேயிலைத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் பிழைக்கப் போனார்கள், அவர்கள் பின்னால் நாம் போகவில்லை என்றார். பொங்கல் முடிந்ததும் இலங்கை, பிறகு மலேசியா, முடிந்தால் சிங்கப்பூர். ஈஸ்டர் ஆனதும் திரும்பிவிடலாம் என்றார். கூடம் முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. பிறகு எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நைனா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டியபடியே கணக்குப் போட்டார். “ஈஸ்டர் ஏப்ரல்ல வருது. கம்பெனிக்காரன் ஜூன்னு சொல்லிக்கீறான். நடுவுல ஒரு மாசம் சும்மா கீது. போய்ட்டு வாம்மா. ஊரு ஒலகம் பாத்த மாரியும் இருக்கும்.”

நானும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தேன். அதனால் சம்மதித்தேன்.

நான்கு பேர் கிளம்பினோம். பாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் தங்கிவிட்டவர். தண்ணீர் கேட்டாலும் பிரசங்கம் போலவே கேட்பார். அவர் மனைவி பொன்னேரிக்காரர், பேச்சு குறைவு. எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்த ஒரு அண்ணன் ஆர்மோனியம் வாசிக்க வந்தார். அப்புறம் நான். யாருக்கு என்ன வேலை என்பது முதல் நாளே முடிவாகிவிட்டது. பாஸ்டரம்மா, கூட்டம் சேரும்வரை பாட வேண்டும். கூட்டம் சேர்ந்ததும் அவர் உட்கார்ந்துவிடுவார். பாஸ்டர் பேசுவார். நான் படம் போடுவேன். படம் முடிந்ததும் பாஸ்டர் ஜெபத்துக்கு அழைப்பார். டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியைத் தூக்குவது அண்ணன் பொறுப்பு.

“தங்கச்சி, இந்தப் பொட்டியத் தூக்கித் தூக்கி என் தோளு ஒரு பக்கம் எறங்கிப்போச்சு. ஊட்டுக்குப் போனா என் பொஞ்சாதி வேற யாரோன்னு கதவத் தொறக்க மாட்டா” என்று ராமேஸ்வரம் போய்ச் சேர்வதற்குள்ளேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ராமேஸ்வரத்தில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, ரயிலில் இரவெல்லாம் போய் மலைநாட்டைச் சேர்ந்தோம். நான் கும்மிடிப்பூண்டி வெயிலில் வளர்ந்தவள். அந்தக் குளிர் என் பற்களைத் தட்டியது. தோட்டத்து மக்கள் லயம் என்று சொல்லும் நீண்ட வரிசை வீடுகளில் இருந்தார்கள். ஒரு அறையில் ஒரு குடும்பம். முதல் தோட்டத்தில், லயத்துக்கு முன்னால் இருந்த மைதானத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த திரையைக் கட்டினோம். தேயிலை ஃபேக்டரியிலிருந்து மின்சாரக் கம்பி இழுத்துக் கொடுத்தார்கள். விளக்கைப் போட்டதும் மூடுபனி வந்தது. புரொஜக்டரிலிருந்து கிளம்பிய ஒளி பனிக்குள் ஒரு வெள்ளை உத்தரம் மாதிரி நீண்டு நின்றது. மக்கள் திரையைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி அந்த உத்தரத்தைப் பார்த்தார்கள். பிள்ளைகள் எழுந்து கையை அதற்குள் நீட்டினார்கள். பாஸ்டருக்குக் கொஞ்சம் கோபம். எனக்குச் சந்தோஷம். அந்தப் பயணத்தில் என் வேலைக்காக நான் முழுச் சந்தோஷப்பட்ட முதல் இரவு அது.

அப்போது இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் பல குடும்பங்களுக்குப் பாஸ்போர்ட் வந்திருந்தது. இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்கள் இந்தியாவுக்குக் கிளம்பக் காத்திருந்தார்கள். கொழுந்து பறிக்கும் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், நான் ஃபிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். அங்கே போனால் வேலை கிடைக்குமா என்று மட்டும் கேட்டாள். கிடைக்கும், எங்கள் ஊரிலேயே ஃபேக்டரிகள் வருகின்றன, எனக்கே ஒன்றில் வேலை ஆகியிருக்கிறது என்று சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே போனாள்.

முதல் விளக்கு மூன்றாவது தோட்டத்தில் போனது.

நடந்தது இதுதான். படத்தில் உயிர்த்தெழுதல் முடிந்து திரை வெளுத்ததும் நான் விளக்கை அணைத்துவிட்டு விசிறியை ஓடவிடுவேன். விசிறி சத்தம் போடும்; மறை கழன்ற மேசை விசிறி அளவுக்குச் சத்தம். அதே நேரத்தில் பாஸ்டர் எழுந்து, கண்களை மூடுவோம் என்பார். கூட்டம் அடங்கும். விசிறி மட்டும் அடங்காது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த பாஸ்டர், மூன்றாம் நாள் கண்ணை மூடுவதற்கு முன் கையை உயர்த்தி, லைன் கொடுக்கும் ஆளுக்கு ஜாடை காட்டினார். அவர் மெயினை அணைத்துவிட்டார். மோட்டார், விசிறி எல்லாம் ஒன்றாக நின்றன. நல்ல இருட்டு, நல்ல அமைதி. நான் கொதிக்கும் விளக்குக் கூட்டுக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு நின்றேன். செய்ய வேறெதுவும் இருக்கவில்லை. மறுநாள் திறந்து பார்த்தால் பல்பின் கண்ணாடி, சூடு பட்ட தோல் போல ஒரு பக்கம் உப்பியிருந்தது. அன்று சாயங்காலம் படத்தின் இரண்டாம் சுருளில் வெடித்தது.

பாஸ்டரிடம் விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

“மகளே, ஆவியானவர் அசைவாடுற நேரம் அது. அந்த நேரத்துல ஒரு மிஷின் விர்ருன்னு கத்திக்கிட்டு இருந்தா ஜனங்க எப்படி மனந்திரும்புவாங்க?”

“அஞ்சு நிமிஷம் போதும் ஐயா.”

“அந்த அஞ்சு நிமிஷத்துலதான் எல்லாமே நடக்கும்.”

அது உண்மை. அந்த இருட்டில் பெரிய மீசை வைத்த ஒரு கங்காணி, கொழுந்து பறிப்பவர்களை மேய்க்கும் ஆள், முழங்காலில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுததை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். மறுநாள் அவர் குடிக்காமல் வந்து எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். பாஸ்டர் பொய்க்காரர் இல்லை. வேஷக்காரரும் இல்லை. அப்படி ஒருவராக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

கிளம்பும் முன் நான் ஒரு பட்டியல் போட்டுத்தான் பெட்டி கட்டியிருந்தேன். மோட்டார் பெல்ட், ஃபியூஸ், ஒலி வாசிக்கும் சின்ன பல்பு, படம் காட்டும் பெரிய பல்பு, எல்லாவற்றிலும் உபரி. ஒரு பல்பு இத்தனை மணி நேரம் எரியும் என்று அதன் அட்டையில் எழுதியிருந்ததை நம்பி எடுத்து வைத்தது. ஜெபத்துக்காக விசிறியை நிறுத்துவார்கள் என்பது அட்டையில் எழுதியிருக்கவில்லை.

அடுத்த பல்பு போனபோது பாஸ்டர் இது சத்துருவின் கிரியை என்று கண்டுகொண்டார். மறுநாள் எல்லோருக்கும் உபவாசம். அண்ணன் காலியான வயிற்றைத் தடவிக்கொண்டே என் காதருகில் குனிந்தார். “சாத்தானுக்கு வேற வேல இல்லியா தங்கச்சி? பல்ப ஒடைக்கறதுக்காகவா இந்த மல மேல ஏறி வர்றான்? எனக்கே மூச்சு வாங்குது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று முழுக்க அது ஒன்றுதான் வந்தது.

இலங்கையை முடித்துக்கொண்டு ராமேஸ்வரம் திரும்பி, நாகப்பட்டினத்தில் மலேசியாவுக்குக் கப்பல் ஏறினோம். மெட்ராஸுக்கு எழுதி வரவழைத்த இரண்டு பல்புகள் அங்கே காத்திருந்தன. அங்கிருந்து ஒரு ரயில் பிடித்தால் வீடு. அந்த எண்ணம் வந்தது. ஆனால் காலண்டரில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருந்தது. கப்பல் தளத்தில் பாய் விரித்துப் படுத்தோம். அண்ணன் முதல் அலையிலிருந்து கடைசி அலை வரை வாந்தி எடுத்தார். பாஸ்டர் தளத்துப் பயணிகளுக்குத் தினமும் பிரசங்கம் செய்தார். பாஸ்டரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி யாருக்கும் கேட்காத குரலில் பாடிக்கொண்டிருப்பார். ஒருநாள் பக்கத்தில் போய் நின்று கேட்டேன். கூட்டம் சேர்ப்பதற்காக அவர் பாடும் குரல் அது இல்லை. ஏன் மேடையில் இப்படிப் பாடுவதில்லை என்று கேட்டேன். கூட்டம் வந்ததும் உட்காரச் சொல்கிறார்களே என்றார், குறையாக இல்லாமல்.

பினாங்கில் இறங்கி, கெடாவிலும் பேராக்கிலும் தோட்டம் தோட்டமாகப் போனோம். அங்கே ரப்பரைக் கித்தா என்கிறார்கள். பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்னே காட்டுக்குப் போக வேண்டும் என்பதால் படத்தைச் சீக்கிரம் தொடங்கிச் சீக்கிரம் முடிக்க வேண்டும். தோட்டத்து ஜெனரேட்டரை ஓட்டுகிறவருக்கும் அதே அவசரம். பாஸ்டர் கையை உயர்த்த வேண்டியதே இல்லை. விரலை அசைத்தால் போதும், அணைத்துவிடுவார். இடம் போதாமல் பாதிப் பேர் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, எல்லாவற்றையும் இடம் வலமாக மாற்றிப் பார்த்தார்கள். அவர்களும் அழுதார்கள். ஒவ்வொரு இடத்திலும் வயிறு நிறையச் சோறு போட்டார்கள், ஊர்க்கதை கேட்டார்கள், கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தார்கள். நல்ல நாட்கள்தான். பல்புகள் மட்டும் ஒவ்வொன்றாக உப்பின.

கடைசி பல்பு ஈஸ்டருக்கு மறுநாள் போனது. அது பெரிய தோட்டம். சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்தெல்லாம் லாரிகளில் ஆட்கள் வந்திருந்தார்கள். முதல் சுருளில், யோர்தான் நதிக் கரையில், படார் என்று ஒரு சத்தம். இருட்டு. கூட்டம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது. பாஸ்டர் வெகுநேரம் பேசினார். கடைசியில் லாரிகள் கிளம்பின. ஒரு பிள்ளை மட்டும், அப்புறம் என்ன ஆச்சு என்று அழுதுகொண்டே போனது காதில் விழுந்தது.

மறுநாள் பாஸ்டர் சொன்னார்: இந்த இடத்தில் படத்தை முழுதாகக் காட்டாமல் போவதில்லை. திரும்பும் கப்பலுக்கு எடுத்திருந்த டிக்கெட்டை மாற்றச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார். அடுத்த கப்பல் எப்போது என்று நான் கேட்டேன். வாரங்கள் ஆகும் என்றார்கள்.

நான் தனியாக அவரிடம் போனேன்.

“ஐயா, ஜூன் மொத வாரம் எனக்கு வேலைல சேரணும்.”

“தெரியும் மகளே. உன் வேலையை தேவன் பத்திரமா வச்சிருப்பார்.”

“அத வச்சிருக்கிறது கம்பெனி ஆபீசர் ஐயா. அவர் ஜூன் மொத வாரம் வரைக்கும்தான்னு சொல்லிட்டார்.”

அவர் சிரித்தார். கேலியாக இல்லை, அன்பாகவே. என் தலையில் கை வைத்து ஜெபித்தார். என்னை முதலில் அனுப்பிவிடுங்கள் என்றேன். வயசுப் பெண்ணைத் தனியாகக் கப்பல் தளத்தில் அனுப்பிவிட்டு உன் நைனா முகத்தில் எப்படி விழிப்பேன் என்றார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. புரொஜக்டரை அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன். அண்ணன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். “கரெண்ட்ட மட்டும் தொட மாட்டேன் தங்கச்சி. எனக்கு மூணு கொழந்த கீது.”

நைனாவுக்குக் கடிதம் எழுதினேன். கம்பெனிக்குப் போய், கொஞ்ச நாள் தவணை கேட்கச் சொன்னேன்.

பல்பு தேடி நானும் பாஸ்டரம்மாவும் பினாங்குக்குப் பஸ்ஸில் போனோம். மின்சாரச் சாமான் விற்கும் கடைகளில் ஏறி இறங்கினோம். இங்கே இல்லை என்பதற்கு அந்த ஊரில் எத்தனை மொழிகள் உண்டோ அத்தனையிலும் கேட்டாயிற்று. கடைசியில் தொப்பி போட்ட ஒரு வயதானவரின் சின்னக் கடை. நான் பல்பைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவர் பல்பைக் கவனிக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எந்தூரும்மா நீ? பேச்சு நம்ம பக்கம் மாரியே கீதே.”

“கும்மிடிப்பூண்டி.”

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். “நானு பழவேற்காடு. பொன்னேரில எறங்கி பஸ்ஸு புடிக்கணும். அந்த பஸ்ஸு இப்பவாச்சும் டயத்துக்கு வருதா?”

“இல்ல பாய். இன்னும் லேட்டாதான் வருது.”

அவருக்கு அதில் அவ்வளவு திருப்தி. எங்களை உட்கார வைத்து நாஷ்டா வரவழைத்தார். பழவேற்காட்டு இறாலுக்கு இங்கே கிடைக்கும் எதுவும் ஈடில்லை என்றார். பாஸ்டரம்மா அத்தனை நாளில் முதல் தடவையாக வாய்விட்டுப் பேசினார். பொன்னேரிச் சந்தையைப் பற்றி இருவரும் பேசினார்கள். ஆனால் பல்பு அவரிடமும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து வரவழைத்துத் தருகிறேன், அவசரப்படாதே, அந்த ஊர்க்காரனை நம்ப முடியாது என்றார். அவசரப்படாதே என்று யாராவது சொன்னால் ஓவென்று கத்த வேண்டும் போலிருந்த நாட்கள் அவை. நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

காத்திருந்தோம். தோட்டத்தில் பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையின் ஒரு பக்கத்தை எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். நான் தோட்டத்து ரேடியோக்களைப் பழுது பார்த்தேன். பாஸ்டர் வீடு வீடாகப் போய் ஜெபித்தார். மே மாதம் ஒவ்வொரு நாளாக என் கண்ணெதிரே போனது. காலையில் எழுந்ததும் மனதில் வரிசையாக ஓடும்: பல்பு வர வேண்டும், படம் முடிய வேண்டும், கப்பல் கிடைக்க வேண்டும், ஜூன் பிறக்காமல் இருக்க வேண்டும். முதல் மூன்றுக்கு ஜெபித்தேன். நான்காவதற்கு ஜெபிக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் இரண்டு பல்புகள் வந்து சேர்ந்தன. அன்று மாலை குழாயடியில் பாஸ்டரம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

“அம்மா, இந்த ரெண்டும் போச்சுன்னா நாம ஊருக்கே போவ முடியாது.”

அவர் குனிந்த தலை நிமிராமல், “அந்தக் காத்தாடி எம்மா நேரம் சுத்தணும்?” என்றார்.

“ஒரு பாட்டு பாடற நேரம்.”

“எத்தினி சரணம்?”

நான் யோசித்தேன். “நாலு.”

“சரி. நீ பொட்டியாண்ட நில்லு.”

பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் லாரிகள் திரும்ப வந்தன. படம் கடைசி வரை ஓடியது. திரை வெளுத்தது. நான் சுவிட்சை இரண்டுக்குக் கொண்டுவந்தேன். விசிறி இரைந்தது. பாஸ்டர் எழுந்தார், விரலை உயர்த்தினார். அதே நொடியில் பெண்கள் பக்கத்திலிருந்து பாஸ்டரம்மா பாடத் தொடங்கினார். கப்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடிய குரல். எல்லாச் சபைகளும் அறிந்த பழைய கீர்த்தனை. இரண்டாவது வரியில் பெண்கள் சேர்ந்தார்கள், மூன்றாவதில் ஆண்கள். அண்ணன் அவசரமாக ஆர்மோனியத்தை மடியில் இழுத்துச் சுருதி பிடித்தார். பாஸ்டரின் விரல் அப்படியே மேலே நின்றது. ஜெனரேட்டர்காரர் அந்த விரலையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பாடுகிற கூட்டத்தின் தலையில் இருட்டைப் போட அவருக்கு மனம் வரவில்லை. விசிறியின் சத்தம் பாட்டுக்குள் எங்கே போனதென்றே தெரியவில்லை.

நான்கு சரணமும் முடிந்ததும் பாஸ்டரம்மா என்னைப் பார்த்தார். நான் விளக்குக் கூட்டைத் தொட்டேன். இன்னும் சுட்டது. தலையை இடம் வலமாக ஆட்டினேன். அவர் பல்லவியிலிருந்து மறுபடி தொடங்கினார். இன்னொரு முறை பார்த்தபோது சரி என்றேன். பாட்டு நின்றது. விசிறியை அணைத்தேன். பாஸ்டர் கண்களை மூடுவோம் என்றார். எப்போதும் வரும் அதே அமைதி வந்தது. அன்று அழுதவர்கள் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன்.

அன்று சாப்பிடும்போது பாஸ்டர், நல்ல பாட்டு என்றார். பாஸ்டரம்மா இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார்.

அதற்குப் பிறகு ஒரு பல்பும் போகவில்லை. கப்பல் கிடைக்கும்வரை மீதித் தோட்டங்கள், கோலாலம்பூர், சிங்கப்பூர், எல்லா இடத்திலும் படம் முடிந்ததும் பாட்டு. ஒரு பாட்டு. பொங்கல் கழிந்து முதல் தோட்டத்திலேயே பாடியிருக்கலாம். இந்த எண்ணம் வரும்போதெல்லாம் நான் பெல்ட்டைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டுவேன். ஏனென்றால் ஜூன் பிறந்துவிட்டிருந்தது. சிங்கப்பூரில் நைனாவின் கடிதம் கிடைத்தது. கம்பெனி ஆபீசரைப் போய்ப் பார்த்தேன், நல்ல மனுஷன், மாதம் பாதி வரைக்கும் பார்க்கிறேன் என்றார் என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது மாதம் பாதியாகியிருந்தது. கப்பல் அதற்குப் பிறகுதான் கிளம்பியது. தளத்தில் பாஸ்டர் நன்றி ஆராதனை நடத்தினார். நான் அண்ணனுக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் காலையிலேயே நைனாவோடு தொழிற்பேட்டைக்குப் போனேன். நாங்கள் கிளம்பும்போது மண்ணாக இருந்த இடத்தில் கேட் போட்டு, வாட்ச்மேன் வைத்திருந்தார்கள். உள்ளே மேசைகளில் டிரான்ஸ்ஃபார்மர்கள் முனகுவது கேட் வரை கேட்டது. ஆபீசர் வெளியே வந்து பேசினார். திருவள்ளூர்ப் பையன் ஒருவனை எடுத்துவிட்டோம், நன்றாகச் செய்கிறான், அவனை எழுந்து போகச் சொல்ல முடியாது என்றார். இரண்டாவது ஷெட் வரும்போது பார்க்கலாம் என்றார். அவரிடமும் கோபப்பட வழி இல்லை. அந்த ஆறு மாதமும் எனக்கு அப்படியே அமைந்தது. எல்லோரும் நல்லவர்கள்.

திரும்பி நடக்கும்போது நைனா ரோட்டில் கிடந்த ஜல்லியை உதைத்துக்கொண்டே வந்தார். “அந்த பாஸ்டர ஒரு வார்த்த கேக்கட்டாம்மா?”

“வேணாம் நைனா. நானே கேட்டுக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை மாலை ஸ்தோத்திரக் கூட்டம். மிஷன் பயணம் போய் வந்தவர்கள் சபைக்கு முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும், அது வழக்கம். கூடம் நிரம்பி வாசலிலும் ஆட்கள். அண்ணன் கடலில் பட்ட பாட்டைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். பாஸ்டர், சத்துரு விளக்குகளை ஒவ்வொன்றாக உடைத்ததையும், துதிப் பாட்டுப் பாடத் தொடங்கியதும் அவன் ஓடிப்போனதையும் சொன்னார். பாடினோம் என்றார். யார் முதலில் பாடியது என்று சொல்லவில்லை. பிறகு என்னை அழைத்தார்.

நான் மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். பனியில் நின்ற ஒளி, குடியை விட்ட கங்காணி, பழவேற்காட்டு பாய். எல்லாவற்றையும் சொன்னேன், எல்லாம் உண்மை. பிறகு, பல்பு சாத்தானால் உடையவில்லை என்றேன். சூடாக இருக்கும்போது விசிறியை நிறுத்தியதால் உடைந்தது, இதை முதல் பல்பு போன அன்றே ஐயாவிடம் சொன்னேன், அதனால் வந்த தாமதத்தில் எனக்கு ஆகியிருந்த வேலை போய்விட்டது, பல்பைக் காப்பாற்றிய பாட்டைத் தொடங்கியது அம்மா என்றேன். குரலை உயர்த்தவில்லை.

முன்வரிசையில் ஒரு பெண் பழக்கத்தில் ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் ஆர்மோனியக் கட்டைகளைத் துடைத்தார். டியூட்டிக்குப் போகும் சீருடையோடு கடைசியில் நின்றிருந்த நைனா தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பாஸ்டர் தரையைப் பார்த்தபடியே தன் நாற்காலியைத் திரைக்கு முன்னாலிருந்து நகர்த்தினார். பிறகு, “படத்தப் போடு மகளே” என்றார்.

போட்டேன். படம் முடிந்தது. சுவிட்சை இரண்டுக்குக் கொண்டுவந்தேன். விசிறி இரைந்தது. பாஸ்டர் எழுந்தார். கை பாதி வரை போய் நின்றது. மனைவி பக்கம் திரும்பினார். பாஸ்டரம்மா புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பாடவில்லை. கூடம் காத்திருந்தது. விசிறி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

பாஸ்டரே பாடத் தொடங்கினார். அவருக்குப் பிரசங்கம் வரும், பாட்டு வராது. சுருதி எங்கேயோ கீழே கிடந்தது. அண்ணன் அதைத் தேடித் தேடிப் போய் மூன்றாவது கட்டையில் பிடித்தார். சபை பின்னால் சேர்ந்தது. இரண்டாவது சரணத்தில் பாஸ்டர் வார்த்தையை மறந்து விழித்தார். அப்போதுதான் பாஸ்டரம்மா சேர்ந்தார்.

காத்திருந்த நேரமும் சேர்ந்ததால் மூன்றாவது சரணத்திலேயே விளக்குக் கூடு ஆறிவிட்டது. தொட்டுப் பார்த்தேன். பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தலையசைக்கவில்லை. நான்கையும் பாடட்டும் என்று விட்டேன். பல்லவியையும் ஒரு முறை.

திங்கட்கிழமை காலை ரயிலில் மீஞ்சூருக்குப் போய் ஒரு ரேடியோ கடையில் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். தொழிற்பேட்டையில் இரண்டாவது ஷெட்டுக்குச் சுவர் எழும்பியிருக்கிறது. தினமும் போகும்போதும் வரும்போதும் ரயில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். இன்னும் கூரை போடவில்லை.